முப்பத்தாறாவது கட்டம்

அரசப்பனின் வலது கண்ணுக்குள் ஒரு கரும்புள்ளி இருந்தது.

பெரிதாகச் சொல்லிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. படத்தைப் பல மடங்கு பெரிதாக்கினால்தான் தென்படும், கடுகில் பாதி இருக்கும். திரையில் ஒட்டிய தூசுதான் என்று ஹெலன் துப்பட்டா நுனியால் துடைத்தாள். கும்மிடிப்பூண்டியில் தூசுக்கா பஞ்சம். சிப்காட் பக்கமிருந்து காற்றடித்தால், காலையில் உலர்த்திய வெள்ளைச் சட்டை சாயங்காலத்துக்குள் துருவின் நிறத்துக்கு வந்துவிடும். துடைத்தும் புள்ளி போகவில்லை. படத்தை இடப்பக்கம் நகர்த்தினாள். புள்ளியும் கூடவே நகர்ந்தது. அப்படியென்றால் அது திரைமேல் இல்லை, படத்துக்குள் இருக்கிறது.

அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஏனென்றால் அந்தக் கண் அரசப்பனுடையது இல்லை. அவளுடையது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகத்தான் சொல்ல வேண்டும். ஹெலன் வேலை பார்ப்பது ஜி.என்.டி. சாலையில், பஜாரைத் தாண்டி இருக்கும் துளசி டிஜிட்டல் என்ற பிளெக்ஸ் கடையில். கல்யாணம், காதுகுத்து, கட்சிக்காரர் பிறந்தநாள் என்று எல்லாமே அங்கே அடிப்பார்கள். ஆனாலும் கடையைத் தூக்கி நிறுத்தியிருப்பது கண்ணீர் அஞ்சலிதான். சாவுக்கு யாரும் முகூர்த்தம் பார்ப்பதில்லை. உயிர் போன இரண்டு மணி நேரத்துக்குள் வீட்டு ஆள் ஒருவர் போனை நீட்டிக்கொண்டு வந்து நிற்பார். பாதிப் பேரிடம் நல்ல போட்டோ இருக்காது. ஆதார் அட்டை இருக்கும், அதில் இருப்பது யாரென்று பெற்றவளுக்கே தெரியாது. வேறு வழியில்லாமல் கிடத்திவைத்த பிறகு எடுத்த படத்தைக் கொடுப்பார்கள். மூக்கில் பஞ்சு, தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்ட வெள்ளைத் துணி, மூடிய கண். ஹெலன் பஞ்சை எடுப்பாள், கட்டை அவிழ்ப்பாள், வெள்ளைச் சட்டை மாட்டுவாள், கடைசியாகக் கண்ணைத் திறப்பாள். கடையில் அந்த வேலைக்குப் பெயரே அதுதான். "ஹெலனு, இதுக்குக் கண்ணு தொறக்கணும்மா" என்று முதலாளி துளசிராமன் டீ சொல்கிற அதே குரலில் சொல்வார்.

திறக்க வேண்டுமென்றால் யாருடைய கண்ணையாவது எடுத்து ஒட்ட வேண்டும். மற்ற கடைகளில் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டுவார்கள். நெல்லூர்க்காரன் முகத்தில் வெள்ளைக்காரன் கண் முழிக்கும். ஹெலனிடம் சொந்தமாக ஒரு ஜோடி இருந்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால், ரோலிங் மில்லில் சிவக்கச் சிவக்க ஓடிவந்த கம்பி தடம் மாறி அவள் தம்பி ஜெபாவின் நெஞ்சில் பாய்ந்தபோது எடுத்தது அது. ஜெபா கூலிங்கிளாஸ் இல்லாமல் போட்டோவுக்கு நின்றதே கிடையாது. நின்ற ஒன்றிரண்டும் அவன் போனில்தான் இருந்தன, போன் அவனோடு எரிந்துபோனது. ஆஸ்பத்திரியில் எடுத்த படம் மட்டும் மிஞ்சியது. அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே கண் என்று ஊரே சொல்லும். அதனால் ஹெலன் கடைக்குள் வாசலுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்து, துளசிராமன் போனில் தன் கண்ணைப் படம் எடுக்கச் சொல்லி, அழுது வீங்கிய இமையைக் கணினியில் சரிசெய்து தம்பிக்கு வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. அதன் பிறகு கண் மூடி வந்தவர்களுக்கெல்லாம் அதையே வைத்தாள், நிறத்தையும் வயதையும் மட்டும் மாற்றி. நான்கு வருஷத்தில் முப்பத்தைந்து பேர். முப்பத்தைந்து பேர் கண்மணியிலும் நீள்சதுரமாக ஒரு சின்ன வெளிச்சம் இருக்கும். அது துளசி டிஜிட்டலின் வாசல்.

அந்த வாசலுக்குள்தான் இப்போது புள்ளி இருந்தது. அடிப்பக்கத்தில், ரோடு இருக்க வேண்டிய இடத்தில்.

மூலப் படத்தைத் திறந்து பார்த்தாள். அதில் வாசல் சுத்தமாக வெள்ளையாக இருந்தது. ஃபைல் எங்கேயோ கெட்டிருக்கிறது என்று முடிவுகட்டி, பிரஷ்ஷால் ஒரு இழுப்பு இழுத்து அழித்துவிட்டு, வீட்டுக்குப் போக ரயிலைப் பிடித்தாள். திங்கட்கிழமை அது.

*

வருகிற ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அந்தப் படம் வெளியாக வேண்டும். வெளியாவது என்றால் பிளெக்ஸில் இல்லை, இணையத்தில் விற்கும் டிஜிட்டல் படமாக, என்.எஃப்.டி.யாக. இந்த வார்த்தையை அவள் அம்மாவுக்கு விளக்கப் பட்ட பாடு சொல்லி மாளாது. டிப்ளமோவில் கூடப் படித்த பூமிகாதான் இதை ஆரம்பித்துவைத்தது. இப்போது சென்னையில் பெரிய கம்பெனியில் வேலை, இதிலெல்லாம் பழக்கம். "நீ வரைஞ்ச படத்த மின்ட் பண்ணினா, அதான் நெட்ல பதிஞ்சி வெச்சா, ஒம்பேரு அதுலயே பதிஞ்சிடும் ஹெலன். யாரு வாங்குனாலும், எத்தினி கை மாறுனாலும், வரைஞ்சது நீதான்னு இருக்கும். ஆரும் அழிக்க முடியாது. ஒலகம் பூரா ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்ல அந்தப் பதிவு இருக்கும்" என்றாள்.

பெயர் என்பது ஹெலனுக்கு ஆசைதான், இல்லையென்று சொன்னால் பொய். அவள் செய்த பேனர்களின் அடியில் கடைப் பெயரும் முதலாளி செல் நம்பரும்தான் இருக்கும். ஆனால் அவளை இழுத்தது பெயர் இல்லை. அழிக்க முடியாது என்ற அந்தச் சொல்.

ஜெபாவின் பேனர் அவர்கள் ஊர் ஆரம்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் இருபது நாள் நின்றது. ஒரு மழையில் கிழிந்து விழுந்தது. பிளெக்ஸை யாரும் வீணாக்க மாட்டார்கள். லாரி லோடுக்கு மூடுவார்கள், ஆட்டுக் கொட்டகைக்குப் போடுவார்கள். இரண்டு மாதம் கழித்து, ரயில்வே லைனை ஒட்டிய ஒரு வீட்டின் பின்னால் குளிக்கும் இடத்துக்கு மறைப்பாக அதைக் கட்டியிருந்ததை ஹெலன் ரயிலிலிருந்து பார்த்தாள். ஜெபாவின் முகம் பாதிக்கு மேல் சோப்புத் தண்ணீர். அன்றைக்கு ரயிலில் அத்தனை பேர் நடுவில் வாய்விட்டு அழுதாள். யாராலும் கிழிக்க முடியாத ஒரு இடத்தில் அவனை வைக்க வேண்டும் என்பது அன்றிலிருந்து அவள் மனதில் கிடந்தது.

ஆக, ஒரே படம், அதில் ஆறுக்கு ஆறு கட்டம். எல்லா முகத்திலும் உலை வெளிச்சத்தின் ஆரஞ்சு நிறம், மாலை இல்லை, பெயர் இல்லை, நேராகப் பார்க்கும் கண் மட்டும். இறந்த வரிசைப்படி அடுக்கியிருந்தாள். முதல் கட்டத்தில் ஜெபா. முப்பத்தைந்தாவதில் போன மாதம் இறந்த வாட்ச்மேன் அரசப்பன். முப்பத்தாறாவது கட்டம் காலி. அதில் 'ஹெலன்' என்று தன் கையெழுத்தை வைத்திருந்தாள்.

முப்பத்தைந்து வீட்டாரிடமும் கேட்டாளா என்றால், கேட்கவில்லை.

*

செவ்வாய்க்கிழமை காலை அவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை. பீளை கட்டி இமைகள் ஒட்டிக்கிடந்தன. அம்மா கங்கம்மா வெந்நீரில் துணி நனைத்து ஒற்றியெடுத்தாள். மழைக்காலம், ஊரெங்கும் மெட்ராஸ் ஐ பரவிக்கொண்டிருந்தது, அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துளசிராமன்தான் ஐந்தடி தள்ளி நின்று, "எனக்கு ஒட்டிடாதமா, நானு ராத்திரி மெஷின் பாக்கணும்" என்றார். ஆனால் கண் சிவக்கவில்லை, உறுத்தவில்லை. இமைமேல் யாரோ இரண்டு விரலை ராத்திரி முழுக்க வைத்திருந்த பாரம் மட்டும் இருந்தது.

புதன்கிழமை மத்தியானம், மழை தூறிக்கொண்டிருக்க, ஈஸ்வரி வந்தாள். அரசப்பனின் மனைவி. கையில் மடித்த குடை, இன்னொரு கையில் ஒரு கட்டைப்பை. துளசிராமன் சாப்பிடப் போயிருந்தார். பிளெக்ஸ் மெஷினின் தலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடும் சத்தமும் மையின் காரமும் தவிர கடையில் வேறு எதுவும் இல்லை. ஹெலன் அவசரமாகத் திரையிலிருந்த படத்தைச் சுருக்கினாள்.

"தங்கச்சி, எங்க ஊட்டுக்காரரு படத்த ஒன்னு சின்னதா பிரேம் போட்டுக் குடுக்கிறியா?"

"குடுக்கிறேங்கா. பேனருக்குச் செஞ்சது இருக்குது, அதயே போட்றலாம்."

"அது வேணாம்." ஈஸ்வரி குடையின் முனையால் தரையில் கோடு இழுத்தாள். "கண்ண மூடிக்கினு கீற மாரி போடு. நாங்க குடுத்தோமே, அந்தப் படத்தையே போட்டுடு."

நான்கு வருஷத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஹெலன் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"ஒன்னிய கொற சொல்லல தங்கச்சி. நல்லாத்தான் செஞ்ச, பாத்தவங்கல்லாம் உசுரோட கீற மாரியே இருக்குதுன்னாங்க. அதுதான் பேஜாரு. தெருமொனையில கட்டி வெச்சாங்களா, நானு தண்ணிக்குப் போவேன், பாக்கும். வருவேன், பாக்கும். அவுரு பாக்கிற மாரி இல்ல. ஆரோ வேற ஆளு அவுரு மூஞ்சிக்குள்ள இருந்துக்கினு பாக்கிற மாரி." குரலைத் தாழ்த்தினாள். "இந்தக் கையாலதான் நானு கண்ண மூடி அனுப்பினேன். தொறந்து உட்டா அது எப்புடி போவும், சொல்லு? பதினாறாம் நாளு கருமாதி முடிச்சி எறக்குனோம். அன்னிக்குத்தான் தூங்குனேன்."

பிரேமைச் சனிக்கிழமை வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பினாள் ஹெலன். அந்த முகம் இன்னொரு இடத்தில் இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. ஈஸ்வரி போன பிறகும் கடையில் ரோஜா மாலை வாசனையும் சாம்பிராணி வாசனையும் நின்றன. அவள் கட்டைப்பையில் பூ இருந்திருக்கும் என்று ஹெலன் நினைத்துக்கொண்டாள்.

*

வியாழக்கிழமை அவள் ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை அழித்த புள்ளி அரசப்பன் கண்ணில் மறுபடி இருந்தது. இப்போது அது புள்ளி இல்லை. கால் இருந்தது. தோள் இருந்தது, ஒரு பக்கம் சரிந்த தோள். வாசல் வெளிச்சத்துக்கு அப்பால், ரோட்டில் நின்றது. அவள் அடுத்த கட்டத்துக்குப் போனாள். அதில் ஒரு பெண், குள்ளம். அதற்கு அடுத்ததில் நெட்டையாக ஒருவர். முப்பத்திரண்டு, முப்பத்தொன்று, முப்பது என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போனாள். ஒவ்வொரு கண்ணிலும் ஒரே ஒரு ஆள், ரோட்டில், கடையைப் பார்த்தபடி. ஒவ்வொருவர் உச்சந்தலையிலும் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. அது என்ன என்று கண்டுபிடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தாடைக்கட்டின் முடிச்சு. அவள் அவிழ்த்து எறிந்தது.

இரண்டாவது கட்டத்தோடு நிறுத்திக்கொண்டாள். ஜெபாவின் கண்ணைப் பெரிதாக்க மனம் வரவில்லை. நான்கு வருஷமாகவே அவள் அதைப் பெரிதாக்கியதில்லை.

பயந்தாளா என்றால், பயந்தாள்தான். ஆனால் கணினி முன்னால் பத்து வருஷம் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு குணம் உண்டு, எதைப் பார்த்தாலும் முதலில் ஃபைலைத்தான் சந்தேகிப்பார்கள். மூலப் படத்திலிருந்து கண்ணைப் புதிதாக எடுத்து, முப்பத்து நான்கு பேருக்கும் திரும்ப ஒட்டினாள். சாயங்காலம் வரை அதே வேலை. எல்லா வாசலும் வெள்ளை. ஜெபாவை மட்டும் தொடவில்லை. சேமித்து, பென்டிரைவில் ஒன்று, பூமிகாவுக்கு ஒன்று என்று வைத்தாள். நிம்மதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கண் திறக்க வெந்நீர் போதவில்லை. அம்மா இமைகளை விரலால் பிரித்துவிட வேண்டியிருந்தது. கடைக்கு வந்து ஃபைலைத் திறந்தாள். ரோட்டில் யாரும் இல்லை. முப்பத்து நான்கு பேரும் வாசற்படிக்கு வந்திருந்தார்கள். வெளிச்சத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

நாற்காலியோடு திரும்பி நிஜ வாசலைப் பார்த்தாள். மழை. ஒரு கன்டெய்னர் லாரி. எதிர்க்கடைக்காரர் தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

அன்றைக்கே பூமிகாவுக்குப் போன் போட்டு, நிறுத்திவிடலாமா என்று கேட்டாள்.

"இன்னாடி, கடைசி நேரத்துல கை ஒதறுதா? எல்லாருக்கும் அப்டித்தான் இருக்கும். நான் போஸ்ட் போட்டு எத்தினி பேரு கேட்டுக்கினு இருக்காங்க தெரியுமா? ஒனக்கு வேணாம்னா வேணாம், நான் சொல்லிக்கிறேன். ஆனா நல்லா யோசிச்சிக்கோ. ஜெபாவுக்காகத்தான செய்ற?"

"நீ படத்தப் பாத்தியா? கண்ணுல எதுனா இருக்குதா?"

"கண்ணுதான் இருக்குது. எல்லாம் ஒரே மாரி, பயங்கரமா இருக்குது. அதான் நல்லாவும் இருக்குது."

*

சனிக்கிழமை வேலை முடிந்து வந்து, அம்மா காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். உருவங்களைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. கங்கம்மா அரிவாள்மனையிலிருந்து நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜெபாவின் பேனரை அவள் ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. பஸ் ஸ்டாப்பைச் சுற்றிக்கொண்டு போவாள். துக்கம் தாங்காமல் அப்படிச் செய்கிறாள் என்றுதான் ஹெலன் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"அவன் கண்ணு மூடல, தெரியுமா ஒனக்கு?" என்றாள் அம்மா. "மூட மூடத் தொறந்துக்கினே இருந்துச்சி. நர்சம்மா, உடுங்கம்மா, அது அப்புடித்தான்னாங்க. நானு உடல. நெத்தியில கைய வெச்சி, கீழ இழுத்து, அப்புடியே புடிச்சிக்கினு ஜெபம் பண்ணேன். கையெல்லாம் மரத்துப்போச்சி. அப்பறந்தான் அடங்குனான். நானு மூடுனேன். நீ போயி தொறந்த."

"எம்மா, அது போட்டோமா."

"இருக்கட்டும். அத்த எப்ப எறக்குவாங்க?"

"எத்த?"

"இப்ப எங்கயோ ஏத்தப்போறன்றியே, அத்த."

"எறக்கவே முடியாதும்மா. அதுக்குத்தான் அதுல போடறேன். கிழியாது, யாரும் எடுத்து ஊட்டுக்குப் பின்னால கட்ட முடியாது. எப்பவும் இருப்பான்."

கங்கம்மா கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டாள். "எறக்க முடியாத எடத்துல எம்புள்ளைய ஏத்தாத ஹெலனு" என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

அந்த வார்த்தை ஹெலனைக் கரைத்துவிட்டது. மறுநாள் கடைக்குப் போய் ஃபைலை அழித்துவிடுவது என்று முடிவெடுத்துக்கொண்டுதான் படுத்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. துளசிராமன் சாவியைக் கொடுத்திருந்தார். அம்மா சர்ச்சுக்குப் போய் வந்து படுத்த பிறகு, மூன்று மணி ரயிலில் வந்து ஷட்டரைத் தூக்கி உள்ளே போய், மழைச்சாரல் அடிக்காமல் திரும்ப இறக்கிவிட்டாள். மெஷின் ஓடாத கடை வேறொரு இடமாக இருந்தது. சுருட்டி வைத்த பிளெக்ஸ் ரோல்கள் சுவரோரம் நின்றன. மை வாசனை ஆறிப்போயிருந்தது, அதற்கு அடியில் ரோஜாவும் சாம்பிராணியும் லேசாக. ஈஸ்வரிக்கான பிரேம் மேஜைமேல் அப்படியே இருந்தது. அவள் நேற்று வரவில்லை.

கணினியைப் போட்டு, வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, அழிக்கும் முன் கடைசியாக ஒரு தடவை பார்க்கலாமென்று அரசப்பன் கண்ணைப் பெரிதாக்கினாள்.

வாசல் வெள்ளையாக இருந்தது.

ஆள் இல்லை. அடுத்த கட்டத்திலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. முப்பத்து நான்கு கண்களிலும் வாசல் துடைத்துவிட்டதுபோல் பளிச்சென்று இருந்தது. ஹெலன் சாய்ந்து உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு வாரமாகப் பட்ட அவஸ்தை. ஒட்டிக்கிடந்த கண்ணை வைத்துக்கொண்டு எதைப் பார்த்தாளோ, எதைப் பார்த்ததாக நினைத்தாளோ. மெட்ராஸ் ஐ வந்தால் நிழலாடும் என்று துளசிராமன்கூடச் சொன்னாரே. முதல் கட்டத்தில் ஜெபா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். சோப்புத் தண்ணீர் இல்லாத முகம். இதையா அழிப்பது? அம்மாவுக்கு நாளைக்குப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். இணையத்தில் அதற்கென்று வைத்திருந்த வாலட் கணக்கைத் திறந்தாள். படத்தை ஏற்றினாள். தலைப்பு, விவரம், வரைந்தவர் பெயர். பூமிகா எழுதிக் கொடுத்த ஒவ்வொரு படியையும் இரண்டு தடவை சரிபார்த்தாள். ஐந்து மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது, 'இதை மாற்ற முடியாது, தொடரலாமா?' என்ற கேள்வி வந்தது. தொடரலாம் என்று அழுத்தினாள்.

ஒரு சின்ன வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது.

மழை திடீரென்று வலுத்தது. ஷட்டரில் கல்லெறிகிற சத்தம். கரண்ட் போனது. யு.பி.எஸ். மட்டும் கீச்சென்று ஒலிக்க, திரை வெளிச்சம் தவிரக் கடை இருண்டது. போன் அடித்தது. பூமிகா.

"வந்துடுச்சிடி, பாத்துட்டேன். வாழ்த்துக்கள். ஆனா கடைசியில ஏன்டி மாத்துன?"

"எத்த மாத்துனேன்?"

"அந்தக் கடைசிக் கட்டம். ஒம்பேரு இருந்துச்சே, அதான் நல்லா இருந்துச்சி. இப்ப எதுக்கு ஒம் போட்டோவ வெச்சிருக்க? அதுவும் கண்ண மூடிக்கினு. மூக்குல இன்னாடி அது, பஞ்சா? ஹலோ? ஹெலன்?"

சிக்னல் போய்விட்டது.

யு.பி.எஸ். தயவில் கணினியில் நெட் மட்டும் இருந்தது, ஹெலன் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். படம் மேலிருந்து கீழாக, வரி வரியாக வந்தது. ஐந்து வரிசை. ஆறாவது வரிசை. அரசப்பன். அவனுக்குப் பக்கத்தில் கையெழுத்து இல்லை. அவள் முகம். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி. உச்சந்தலையில் முடிச்சு. மூடிய இமைகள்.

தன் ஃபைலுக்கு ஓடினாள். அதிலும் அதுதான். அழித்தாள். அது இருந்தது. ஃபைலையே அழித்தாள். அந்தப் பக்கத்தில் அது இருந்தது. உலகமெல்லாம் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருந்தது.

வாசல் வெள்ளையாக இருந்ததே. அவள் சிரித்தாளே.

வாசற்படியில் நின்றவர்கள் எங்கே போனார்கள் என்று அப்போதுதான் யோசித்தாள். திரும்பிப் போயிருந்தால் ரோட்டில் தெரிந்திருப்பார்கள். உள்ளே வந்திருந்தால்?

கழுத்து திரும்பவில்லை. திருப்ப முயன்றாள், முடியவில்லை. முயன்றாளா என்றுகூடத் தெரியவில்லை. சாம்பிராணி. ரோஜா. அதையெல்லாம் தாண்டி இன்னொரு வாசனை, நான்கு வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்தது. காய்ந்த இரும்பு. தீய்ந்த துணி.

மவுஸ் மட்டும் நகர்ந்தது. முதல் கட்டம். ஜெபா. நான்கு வருஷமாகப் பெரிதாக்காத கண்.

பெரிதாக்கினாள்.

அதில் வாசல் இல்லை. ஒரு அறை இருந்தது. இருட்டு. சுவரோரம் ரோல்கள். நடுவில் நாற்காலியில் ஒரு பெண், திரை வெளிச்சம் விழுந்த முகம், விரிந்த கண். அவளுக்குப் பின்னால் தோளோடு தோள் உரச, கடை நிறைய. முடிச்சு. முடிச்சு. முடிச்சு. மூடிய கண்கள். சரிந்த தோள் ஒன்று. குள்ளமாக ஒரு பெண். எல்லாருக்கும் முன்னால், நாற்காலியை ஒட்டி, மெலிந்த ஒருவன். நெஞ்சில் ஓட்டை. ஒரு கையைத் தூக்கியிருந்தான். உள்ளங்கை கீழ்ப்பக்கமாக. அவள் தலைக்கு மேல்.

"ஜெபா," என்றாள்.

யு.பி.எஸ். ஒலித்தது. நின்றது. ஒலித்தது.

நெற்றியில் ஒரு உள்ளங்கை பட்டது. சூடாக இருந்தது. அவசரமே இல்லாமல், அம்மா செய்தாளே அதே மாதிரி, அவள் இமைகளைக் கீழே இழுத்து, அப்படியே பிடித்துக்கொண்டது.

திரையில் முப்பத்தைந்து ஜோடிக் கண்கள், அத்தனையும் அவளுடையவை, இமைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தன.